ஐந்து பேர், ஐந்து நாள் சிங்கப்பூர்: கையில் எவ்வளவு வெள்ளி வேண்டும்?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். கணவர் சாயப்பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். 14 வயதில் மகள், 9 வயதில் மகன். 67 வயது மாமியாரும் கூடவே இருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சுத்த சைவம். வருகிற மே மாதம் ஐந்து பேரும் சிங்கப்பூர் போகிறார்கள். ஐந்து நாள், நாலு ராத்திரி. விமானம், விடுதி, காலைச் சாப்பாடு, மூன்று இரவுச் சாப்பாடு, ஊர் சுற்றல், செந்தோசா தீவு, அங்கே ஒரு முழு நாள் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்கா எல்லாம் பேக்கேஜில் வருகிறது. அதற்கான பணத்துக்கு வைப்பு நிதியை உடைத்துக் கட்டியாகிவிட்டது. பிரச்சினை, மேல்செலவில் ஆரம்பிக்கிறது.

"வெளியூர் போனால் கை நிறையக் காசு இருக்கணும், ஒன்றரை லட்சம் வைத்துக்கொள்வோம், பத்தாததற்கு கிரெடிட் கார்டு இருக்கு" என்கிறார் கணவர். 40,000 போதும் என்கிறார் வாசகி. அவருடைய திட்டம்: சின்ன ரைஸ் குக்கர், அரிசி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி எடுத்துப்போவது, பூங்காவுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்வது. ரூபாயாகவே கொண்டுபோய் அங்கே சிராங்கூன் சாலையை ஒட்டிய முஸ்தபா கடைப் பக்கம் மாற்றினால் நல்ல விலை கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். நாத்தனார் இரண்டு பவுனில் சங்கிலி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், 'டூட்டி கிடையாது' என்று. செலவுக்காக மாதம் 5,000 கட்டும் லட்ச ரூபாய்ச் சீட்டை இப்போதே, ஒன்பதாவது மாதத்திலேயே, 22,000 தள்ளி (ஏலத்தில் அவ்வளவையும் விட்டுக்கொடுத்து) எடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. "யார் சொல்வது சரி? பிள்ளைகள் முன்னால் காசுக்குச் சண்டை போடாமல் போய்விட்டு வர முடியுமா?" என்று முடிக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கணக்கைப் பார்த்தேன். நீங்கள் எழுதிய 40,000 தப்பான தொகை இல்லை. ஆனால் அது சாப்பாட்டுக்கு மட்டும்தான் காணும். வண்டிக்காசு, பிள்ளைகள் கேட்பது, ஊருக்கு வாங்குவது எதுவும் அதில் இல்லை. உங்கள் கணவரின் ஒன்றரை லட்சத்தில் எல்லாம் இருக்கிறது, ஆனால் எது எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஆக, நீங்கள் இருவரும் வேறு வேறு செலவைப் பற்றிப் பேசிக்கொண்டு, ஒரே செலவுக்குச் சண்டை போடுகிறீர்கள்.

முதலில் ஒரு சௌகரியம். சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் 'வெள்ளி' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். மாற்று விலை தினமும் ஏறி இறங்கும். நீங்கள் வெள்ளிக்கு 75 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மாற்றும் நாளில் அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் மிச்சம். இன்னொன்று, இந்தப் பெருக்கலை ஊரிலேயே முடித்துவிடுங்கள். அங்கே போய் ஒவ்வொரு தேநீருக்கும் "இது நூத்தம்பது ரூபாயா!" என்று பெருக்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் தொண்டையில் இறங்காது. வெள்ளியில் ஒரு தொகை ஒதுக்கினோம், அதற்குள் இருக்கிறோமா என்பதை மட்டும் பாருங்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ரைஸ் குக்கர்தான். பெரும்பாலான விடுதிகள் அறைக்குள் சமைக்க விடுவதில்லை. புகை உணரும் கருவி கத்தினால் அபராதம் வேறு. அதைவிட முக்கியம், விடுமுறைக்குப் போகும் ஐந்து நாளும் காலை ஐந்து மணிக்கு எழுந்து குக்கர் வைக்கப்போவது யார்? நீங்கள்தான். அந்த உழைப்புக்கு உங்கள் கணக்கில் விலையே போடவில்லை.

சிங்கப்பூரில் சாப்பாடு விலை அதிகம் என்ற பயமும் பாதிதான் உண்மை. விலை இடத்தைப் பொறுத்தது. 'ஹாக்கர் சென்டர்' என்று ஊரெங்கும் உணவங்காடிகள் இருக்கின்றன. 2020-இல் யுனெஸ்கோ பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டிய தேக்கா அங்காடியில் தோசை, பரோட்டா, பிரியாணி எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். ஐந்தாறு வெள்ளியில் ஒருவர் வயிறு நிறையும். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். வைக்காமல் போனால் எச்சரிக்கையும், திரும்பச் செய்தால் அபராதமும் உண்டு. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் சைவ உணவகம் 1947-லிருந்து நடக்கிறது. மாமியாருக்கு அங்கே கவலையே இல்லை.

அதே சாப்பாட்டைக் குளிர்சாதன உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 119 வெள்ளி 90 காசு வரும். தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீரே குடிக்கிற தண்ணீர். ஆளுக்கொரு பாட்டில் ஊரிலிருந்து எடுத்துப்போங்கள்.

உங்கள் பேக்கேஜ் தாளைப் பார்த்தால், சொந்தக் காசில் சாப்பிட வேண்டிய வேளைகள் இவை: இறங்கும் நாள் காலை, ஐந்து மதியங்கள், பூங்கா நாளின் இரவு, கிளம்பும் நாளின் இரவு. அதில் பூங்கா நாள் தவிர்த்த நான்கு மதியங்களுக்கு ஆளுக்கு 8 வெள்ளி வீதம் 160. முதல் நாள் காலைக்கு 30. பூங்கா நாளின் இரவுக்கு 50. விமான நிலைய இரவுச் சாப்பாட்டுக்கு 60. மற்ற நான்கு நாளும் தேநீர், பழம், ஐஸ்கிரீம் என்று நாளைக்கு 25 வீதம் 100. பூங்கா நாளின் மதியத்துக்கும் நொறுக்குத் தீனிக்கும் 130. மொத்தம் 530 வெள்ளி. நம் கணக்கில் 39,750 ரூபாய். இவை என் மதிப்பீடுகள்தான். ஒன்றிரண்டு வெள்ளி முன்னே பின்னே ஆகலாம். ஆனால் இதில் கை வைத்துக் குறைக்காதீர்கள்.

பொடி வகைகள் எடுத்துப்போவது நல்ல யோசனைதான்; அறையில் கெட்டில் இருக்கும், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா பாக்கெட் இரண்டு மூன்று கைகொடுக்கும். ஆனால் வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அது வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் கசகசா போதைப்பொருள் தடுப்புத் துறையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதுதானே என்று நினைத்துவிடக்கூடாது. வாயில் போடும் புகையிலையும் அப்படித்தான். உறவினர் யாராவது "அங்கே இருக்கிற மாமாவுக்குக் கொடுத்துடு" என்று பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள்.

மாமியாருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கைப்பையில் வையுங்கள். அங்கே 'தே' என்று கேட்டால் டப்பாவில் வரும் இனிப்புப் பாலை ஊற்றித் தருவார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அது ஆகாது. 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். 'தே சி கோசோங்' என்றால் இனிப்பில்லாத பால் ஊற்றியது. நடை அதிகமாகும் நாட்களில் மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அது என் துறை இல்லை. மருந்துச் சீட்டின் நகலும், பயணக் காப்பீடும் கையில் இருக்கட்டும்.

பூங்கா நாள்

காசு அதிகம் கரையும் நாள் இதுதான். எப்படிக் கரைகிறது என்பதை என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு நம் நாட்டிலேயே ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. அங்கேயே இருந்த கடையில் நாலு பேருக்கு நைலான் உடுப்பு வாங்கினேன். வெளியில் விற்கிற விலைக்கு மூன்று மடங்கு. கோபம் வந்து, அந்தக் காசை எங்காவது மிச்சம் பிடித்தே தீருவது என்று மதியம் நாலு பேருக்கு இரண்டு சாப்பாடு வாங்கினேன், நிதி ஆலோசகன் இல்லையா! நாலு மணிக்குச் சின்னவள் பசியில் அழுதாள். அவளை அடக்க வாங்கிக் கொடுத்த சாமானின் விலை இரண்டு சாப்பாட்டை விட அதிகம். அன்றைக்கு வீடு திரும்பும்வரை என் மனைவி என்னிடம் பேசவில்லை.

ஆகவே, பூங்காவுக்குள் மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே 'உண்டு' என்று தீர்மானித்துவிடுங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோஸில் வெளிச்சாப்பாடு அனுமதி இல்லை; புளிசாதப் பொட்டலம் வாசலோடு சரி. தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம், உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். மாமியாருக்கு மட்டும் பிஸ்கட், கொஞ்சம் பழம், மருத்துவரின் கடிதத்தோடு வைத்துக்கொண்டு, வாசலில் ஒளிக்காமல் சொல்லிக் கேளுங்கள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகாமல் பதினொன்றரைக்கே போய்விடுங்கள். வரிசையும் இருக்காது, பசியில் கண்டதைக் கேட்கும் நேரமும் வராது. ஆளுக்கு 18 வெள்ளி என்று வைத்து ஐந்து பேருக்கு 90 ஒதுக்கியிருக்கிறேன், மாலைத் தீனிக்கு 40.

இரவுச் சாப்பாட்டைப் பூங்காவில் வைத்துக்கொள்ள வேண்டாம். செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் திரும்பி வந்தால் விவோசிட்டி அங்காடியின் மூன்றாவது மாடியில் இறங்குவீர்கள். அங்கேயே உணவுக்கூடம் இருக்கிறது, விலையும் பாதிக்குப் பக்கம். அந்த ரயிலுக்குத் தீவுக்குள் நுழையும்போது தலைக்கு 4 வெள்ளி. திரும்பும்போது காசு இல்லை. பேக்கேஜ்காரர் வண்டியில் கொண்டுவிடுகிறார் என்றால் போகும் செலவும் மிச்சம். திரும்பும் நேரத்தை அவர் வண்டிக்குக் கட்டிப்போடாமல் இருக்க முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'எக்ஸ்பிரஸ்' சீட்டு. வரிசையில் நிற்காமல் போகத் தனியாக விற்கிறார்கள். மே மாதக் கடைசியில் சிங்கப்பூரிலேயே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும். கூட்டம் இருக்கும், கூட்டம் கூடக் கூட அதன் விலையும் ஏறும். ஐந்து பேருக்கும் வாங்கினால் உங்கள் மொத்தச் சாப்பாட்டுச் செலவையே தொட்டுவிடும். வாங்குவதற்கு முன் வீட்டுச் சுவரில் மகனை நிறுத்தி உயரம் அளந்து பாருங்கள். பெரிய சவாரிகளில் சிலவற்றுக்கு 122, 125 சென்டிமீட்டர் வேண்டும். அந்த உயரம் இல்லாத பையனுக்கும், சவாரியே ஏறாத மாமியாருக்கும் எக்ஸ்பிரஸ் வாங்குவது வீண். என் யோசனை, யாருக்கும் வேண்டாம். கதவு திறக்கும் நேரத்துக்கு முன்பே வாசலில் நின்றால் முதல் ஒன்றரை மணி நேரத்தில் முக்கியமான இரண்டு மூன்றை முடித்துவிடலாம். மகள் தனியாக ஏறத் தயார் என்றால் ஒற்றை ஆளுக்கென்று சில சவாரிகளில் தனி வரிசை உண்டு, அதற்குக் காசில்லை. தண்ணீர் அடிக்கும் சவாரிக்கு ஆளுக்கொரு மழைக்கோட்டை ஈரோட்டிலேயே வாங்கிப் பையில் மடித்து வையுங்கள்.

இந்த வாரமே பேக்கேஜ்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மாமியாரின் பூங்காச் சீட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்? 60 வயது தாண்டியவர்களுக்கும், 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கும் அங்கே குறைந்த விலைச் சீட்டு உண்டு. ஐந்து பேருக்கும் பெரியவர் விலை போட்டிருந்தால் வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. பில்லில் 'டிசிஎஸ்' என்று, முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியாக ஒரு தொகையும் இருக்கும். அது செலவில் சேராது. யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். உங்கள் கணவரின் எண்ணில் பிடித்திருக்கிறார்களா, வருமான வரித் துறையில் அவருடைய வரி வரவுப் பட்டியலில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கேட்காமலே விட்டுவிடுகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காசை எப்படிக் கொண்டுபோவது

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. சிராங்கூன் சாலைப் பக்கம் காசு மாற்றும் கடைகளில் விமான நிலையத்தைவிட நல்ல விலை கிடைக்கும். ஆனால் ஒன்றரை லட்சம் ரூபாயை நோட்டுக் கட்டாக எடுத்துப்போக முடியாது. இந்தியாவிலிருந்து ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் ரூபாய் நோட்டாகக் கொண்டுபோக ரிசர்வ் வங்கி விதி இடம் தரவில்லை. பிள்ளைகள் தலையையும் எண்ணிக் கூட்டிக்கொள்ளலாம் என்று குறுக்கு வழி யோசிக்க வேண்டாம். சுங்க மேசையில் வாதம் செய்து விமானத்தைத் தவறவிடுகிற அளவுக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

கிரெடிட் கார்டு பற்றி உங்கள் கணவருக்கு ஒரு கணக்கு. வெளிநாட்டில் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் மாற்றுக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. லட்ச ரூபாய்க்குத் தேய்த்தால் 4,130 ரூபாய் சும்மா போகும். ஊர் திரும்பி 'மினிமம் டியூ' என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்தாலும் வருடத்துக்கு 42 சதவீதம். கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் கார்டு ஆபத்துக்கு மட்டும்.

வழி இதுதான். ஊரிலேயே அனுமதி பெற்ற அந்நியச் செலாவணிக் கடையிலோ வங்கியிலோ 300 வெள்ளி நோட்டாக வாங்குங்கள். 2 வெள்ளி, 5 வெள்ளி, 10 வெள்ளி நோட்டுகளாகக் கேளுங்கள், உணவங்காடியில் அவைதான் உதவும். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுக் காசை முன்கூட்டியே போட்டுவைக்கும் கார்டில், ஏற்றுங்கள். அமெரிக்க டாலரில் ஏற்றிவிடாதீர்கள், சிங்கப்பூர் வெள்ளியிலேயே ஏற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம் விழும். கடையில் கார்டு இயந்திரம் "ரூபாயிலா, வெள்ளியிலா" என்று கேட்டால் வெள்ளி என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை.

பிள்ளைகளின் காசு

மகளுக்கு 40 வெள்ளி, மகனுக்கு 30. முதல் நாளே உறையில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள், ஊதா நிற 2 வெள்ளி நோட்டுகள் நிறையச் சேர்த்து. அதற்கப்புறம் "அம்மா, இது வேணும்" என்ற பேச்சுக்கு உங்கள் பதில் ஒன்றுதான்: "உன் உறையில் எவ்வளவு இருக்கு?" மிச்சம் வந்தால் அது அவர்களுடையது, ஊர் திரும்பி வாங்கி உண்டியலில் போடக்கூடாது. ஒரு பெரிய சவாரியை முடித்து வெளியே வந்தால் வழி நேராகப் பொம்மைக் கடைக்குள் போகும், அப்படித்தான் கட்டிவைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்துக்கொண்டு வரட்டும், வாங்குவது மாலை கிளம்பும்போது என்று மட்டும் சொல்லிவைத்தால், நாள் முழுக்கப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலையும் மிச்சம்.

இதே மாதிரி மாமியாருக்கு 40, உங்களுக்கு 40, உங்கள் கணவருக்கு 40. யாரும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். மாமியார் கையில் தனியாகக் காசு கொடுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பேரன் பேத்திக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தரக்கூட மகனிடம் கேட்க வேண்டிய நிலையில் அவரை வைத்துவிடாதீர்கள்.

நாத்தனாரின் சங்கிலி

சாப்பாட்டை விடப் பெரிய செலவும் பெரிய சங்கடமும் இங்கேதான் இருக்கிறது. தங்க நகையைத் தீர்வையில்லாமல் கொண்டுவரும் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. ஐந்து நாள் சுற்றுலாப் பயணிக்கு அது கிடையாது. புதுச் சங்கிலியை உங்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாலும் அது வாங்கி வந்த நகைதான். பிடித்தால் தீர்வையோடு அபராதமும் கட்டவேண்டியது நீங்கள், நாத்தனார் இல்லை. இங்கிருந்து நீங்கள் போட்டுப்போகும் நகைகளையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மறுப்பை நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் தன் தங்கையிடம் சொல்லட்டும். "சட்டம் இடம் கொடுக்கலைம்மா, உனக்கு வேற என்ன வேணும்னு சொல்லு" என்று அண்ணன் சொன்னால் அது ஒரு விஷயமே இல்லை. நீங்கள் சொன்னால் அடுத்த மூன்று விசேஷத்துக்கும் அதுதான் பேச்சு.

ஊருக்கு வாங்குவதற்கு 200 வெள்ளி தனி உறை. யார் யாருக்கு என்ன என்பதைக் கிளம்பும் முன் எழுதுங்கள். சாக்லேட், தைலம், சென்ட் என்று எதுவானாலும் இந்த உறைக்குள். ஒரே கடையில் 100 வெள்ளிக்கோ அதற்கு மேலோ வாங்கினால் சுற்றுலாப் பயணிக்கு ஜிஎஸ்டி திருப்பித் தருகிறார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையாக இருக்க வேண்டும், பாஸ்போர்ட் காட்ட வேண்டும். உணவகத்தில் சாப்பிட்டதற்கும் விடுதி வாடகைக்கும் இது கிடையாது. 100 வெள்ளி பில்லில் வரி 8 வெள்ளி 26 காசு. கையாளும் கட்டணம் போக வருவது அதைவிடக் குறைவு. வாங்கவேண்டியதை வாங்கிவிட்டு வந்தால் சரி. எட்டு வெள்ளி திரும்ப வரும் என்பதற்காக நாற்பது வெள்ளிக்குக் கூட வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

மொத்தமும் சீட்டும்

சாப்பாடு 530. பேக்கேஜ் வண்டி இல்லாத நேரங்களில் ரயில், டாக்சிக்கு 80. பூங்காவில் லாக்கர், ஒரு புகைப்படம் என்று 60. ஐந்து பேரின் கைக்காசு 190. ஊருக்கு 200. கூட்டினால் 1,060 வெள்ளி, 79,500 ரூபாய். இதுபோக 200 வெள்ளி, அதாவது 15,000 ரூபாய், ஃபாரெக்ஸ் கார்டில் தொடாமல் கிடக்கட்டும்; அவசரம் வராவிட்டால் அப்படியே ஊர் திரும்பும். எல்லாம் சேர்த்து 94,500.

மாதம் 9,000 ஒதுக்க முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதத்துக்குள் ஆறு மாதம், 54,000 ஆயிற்று. அவசரப் பணத்துக்கு இருக்கிற கிரெடிட் கார்டையே நம்பினால், குறைவது 25,500. அதில் ஊருக்கு வாங்கும் 200 வெள்ளியை நூறாக்கினால் 7,500 குறையும். நீங்களும் கணவரும் உங்கள் கைக்காசில் பாதியை விட்டால் இன்னும் 3,000. மிச்சம் 15,000. சாப்பாட்டிலும் பிள்ளைகளின் உறையிலும் கை வைக்காமலே இவ்வளவு வந்துவிடுகிறது.

அந்த 15,000-க்காக இப்போதே 22,000 தள்ளிச் சீட்டை எடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. நான்கு நாள் மதியச் சாப்பாடு ஐந்து பேருக்கும் சேர்த்து 12,000 ரூபாய்தான் என்பதை உங்கள் கணவருக்குக் காட்டுங்கள். ரைஸ் குக்கர் தூக்கி நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்ததைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கை அவர் ஒரே ஏலத்தில் விடப் பார்க்கிறார். மார்ச், ஏப்ரலுக்குள் சீட்டு பதினான்காம் மாதத்தைத் தொடும். அதற்குள் அவசரக்காரர்கள் எடுத்து முடித்திருப்பார்கள், தள்ளும் இறங்கியிருக்கும். அப்போதும் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். இந்த மாத ஏலத்துக்கு உங்கள் கணவர் போகிறார் என்றால், நீங்களும் கூடப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.